சூடானா நின்னுபோற மோட்டர்: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல நெறைய ஒரே சங்கதிதான். காலையில மோட்டர் சைக்கிள் ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுது, கொஞ்ச தூரம் போனதும் நின்னுருது, ஆறினதும் ஒண்ணும் நடக்காத மாதிரி திரும்ப ஓடுது. அதனால வேற கேள்விங்கள அடுத்த மாசத்துக்கு வெச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி (பிறையிலருந்து ஒரு தம்பி): அண்ணே வணக்கம். எனக்கு வேலை பாயான் லெப்பாஸ்ல ஒரு கம்பெனியில, ஷிப்ட் வேலை. முன்னலாம் ஃபெரியில போவேன், 2019ல பினாங்குப் பாலத்துல மோட்டருக்கு டோல் இல்லன்னு ஆனதுலருந்து பாலத்து வழியாதான் போய்ட்டு வர்றேன். என்னோடது பழைய ஈஎக்ஸ்5, கார்ப்ரேட்டர் வண்டி. ஒரு மாசமா என்ன ஆகுதுன்னா, பாலத்துல ஏறி நடு மேட்டுக்கிட்ட வரும்போது இழுவை கொறையுது, 70ல போனது 40க்கு எறங்குது, முறுக்க முறுக்க மூச்சடைக்கிற மாதிரி பண்ணிட்டு அணைஞ்சுருது. பத்து நிமிஷம் நின்னா திரும்ப ஸ்டார்ட் ஆகுது. பிளக் மாத்தியாச்சு, கார்ப் கழட்டி கழுவியாச்சு, அப்பவும் சரியாகலன்னு காயில் மாத்தினாங்க, இதுவரைக்கும் 260 வெள்ளி போச்சு. இப்ப என்ஜின் சூடாகுது, பிளாக் எறக்கி ஓவர்ஹால் பண்ணணும்ங்கிறாங்க. ஆனா வீட்டுப் பக்கம் பசாருக்கு, கோயிலுக்குன்னு ஓட்டும்போது ஒண்ணுமே செய்யறதில்ல. இன்னொண்ணும் கவனிச்சேன், எண்ணெய் (பெட்ரோல்) ஃபுல்லா ஊத்துன அன்னைக்கு இன்னும் சீக்கிரமா நிக்குது. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வரும்போது கடல் காத்துல தனியா நிக்க பயமா இருக்கு, வீட்டுல அம்மா தூங்காம காத்திருக்காங்க.

பதில்: தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், ஓவர்ஹாலுக்கு இப்ப தலையாட்டாதீங்க. கடைசியா போற போக்குல எழுதுனீங்க பாருங்க, ஃபுல்லா ஊத்துன அன்னைக்கு சீக்கிரம் நிக்குதுன்னு, இதுவரைக்கும் செலவு பண்ண 260 வெள்ளிய விட அந்த ஒரு வரிக்குதான் மதிப்பு அதிகம். என் கணக்குக்கு உங்க என்ஜின்ல சூட்டுக் கோளாறே இல்ல, டேங்க் மூடியிலதான் கோளாறு.

எப்படின்னு சொல்றேன். மாமாக் கடையில தே தாரிக் கலக்கறவரு பால் டின்ன தொறக்கறத பாத்திருப்பீங்க, ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டா பால் ரெண்டு சொட்டு விழுந்துட்டு நின்னுரும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டாதான் காத்து உள்ள போயி பால் ஒழுங்கா எறங்கும். உங்க டேங்கும் அதே மாதிரிதான். சீட்டுக்கு அடியில இருக்கிற அந்த மூடிக்குள்ள காத்து போறதுக்குன்னு ஒரு பொடி வழி இருக்கு, எண்ணெய் எறங்க எறங்க அந்த எடத்துக்கு காத்து வரணும். தூசியோ துருவோ அந்த வழிய அடைச்சுதுன்னா, இல்ல உள்ள இருக்கிற ரப்பர் உப்பி மூடிக்கிச்சுன்னா, டேங்குக்குள்ள வெற்றிடம் உண்டாகி எண்ணெய மேல இழுத்துப் பிடிச்சுக்கும், கார்ப்ரேட்டர் காஞ்சு போயிரும். முழுசா அடைக்காம அரைகொறையா அடைச்சிருந்தா இன்னும் கொழப்பம், பசாருக்குப் போகும்போது என்ஜின் குடிக்கிறது கொஞ்சம், கசிஞ்சு உள்ள போற காத்தே அதுக்குப் போதும், அதான் வீட்டுப் பக்கம் ஒண்ணும் தெரியல. பாலம் அப்படியில்ல, மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதுல கடல் மேல மட்டும் 8.4, நிறுத்தாம ஒரே முறுக்குல போறீங்க, எதிர்காத்து வேற, மேடு வேற, எண்ணெய் போற வேகத்துக்கு காத்தால ஈடு கொடுக்க முடியல. நின்ன பிறகு பத்து நிமிஷத்துல காத்து மெதுவா கசிஞ்சு உள்ள போயிருது, திரும்ப ஓடுது. பாக்கறவங்க என்ஜின் ஆறுனதால ஓடுதுன்னு நெனைக்கிறாங்க. என்ஜின் ஆறறதும் டேங்க் மூச்சு விடறதும் ஒரே நேரத்துல நடக்கறதால வர்ற ஏமாத்தம் இது.

ஃபுல் டேங்க் சமாச்சாரமும் இதோட பொருந்துது. டேங்க் ரொம்பியிருந்தா மேல இருக்கிற காத்து எடம் ரொம்பக் கொஞ்சம், அதுலருந்து சின்ன அளவு எண்ணெய் எறங்கினாலே அழுத்தம் டக்குனு விழுந்துரும். பாதி டேங்க்ல மேல நெறைய காத்து இருக்கும், அது விரிஞ்சு கொடுத்து கொஞ்ச தூரம் தாங்கும். சூட்டுனால நிக்கிற என்ஜினா இருந்தா டேங்க்ல எவ்ளோ இருக்குன்னு பாத்துக்கிட்டு நிக்காது தம்பி.

இத உறுதி பண்ண பாலத்துக்குப் போகவே வேணாம், என்ஜின ஸ்டார்ட் பண்ணவும் வேணாம். வீட்டு வாசல்ல, வண்டி நல்லா ஆறி இருக்கும்போது, பக்கத்துல யாரும் சிகரெட் பிடிக்காம, சாமி வெளக்கு எதுவும் எரியாம பாத்துக்கிட்டு, கார்ப்ரேட்டருக்கு வர்ற எண்ணெய் பைப்ப உருவி ஒரு பாட்டில்ல விடுங்க. மூடிய இறுக்கி மூடி வெச்சுட்டு ரெண்டு நிமிஷம் பாருங்க. மொதல்ல நல்லா ஓடி அப்புறம் நூல் மாதிரி மெலிஞ்சு, மூடிய தொறந்ததும் உஸ்ஸுன்னு காத்து இழுக்கிற சத்தத்தோட திரும்ப தாராளமா வந்துச்சுன்னா வேற சாட்சி தேவையில்ல. சில மாடல்ல என்ஜின் இழுத்தாதான் தொறக்கிற வாக்குவம் டேப் இருக்கும், அதுல இந்த மாதிரி சும்மா விட்டா எண்ணெய் வராது, அப்ப டேப்புலருந்து என்ஜினுக்குப் போற சின்ன வாக்குவம் பைப்ப வாயால லேசா உறிஞ்சுப் பிடிச்சா வரும். அதுலருந்து எண்ணெய் வாய்க்கு வந்துச்சுன்னா டேப்புக்குள்ள இருக்கிற டயஃப்ரமே கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம், அதையும் மாத்திருங்க.

மூடி ஒரிஜினல்தானா? எண்ணெய் திருட்டுக்குப் பயந்து பூட்டு வெச்ச மூடி ஏதாவது வாங்கி மாட்டிருக்கீங்களா? அந்த மாதிரி வெளி மூடிங்க சிலதுல காத்து ஓட்டை ஒழுங்கா இருக்காது. இருக்கிற மூடியையே மண்ணெண்ணெய்ல ஊறவெச்சு, டயருக்குக் காத்து அடிக்கிற எடத்துல ஒரு ஊது ஊதிப் பாருங்க, வழி விடலன்னா ஒரிஜினல் மூடி வாங்கிருங்க, ஓவர்ஹால் செலவுல அது ஒரு ஓரத்துக்கு வராது.

மூடிய தொறந்து வெச்சும் எண்ணெய் மெலிசாதான் வருதுன்னா அடைப்பு கீழ இருக்கு. டேங்க் அடியில டேப்போட இருக்கிற சல்லடை, பழைய டேங்க் துரு, இல்ல பைப்பு எங்கயாவது மடங்கி என்ஜின் பக்கத்துல ஒட்டிக்கிட்டிருக்கிறது, இத வரிசையா பாருங்க. டேங்க கழட்டி கழுவாம கார்ப்ப மட்டும் எத்தன தடவ கழுவினாலும் ஒரு வாரத்துக்குதான் தாங்கும்.

சரியாகிற வரைக்கும் பாலத்துல போகாதீங்க, ஃபெரி மோட்டர ஏத்திக்கிட்டுதான் இருக்கு, ஒரு வாரம் அரை மணி நேரம் முன்னாடி கிளம்புங்க. மீறி பாலத்துல நின்னுருச்சுன்னா மோட்டர் லேன்ல குனிஞ்சு உக்காந்து ரிப்பேர் பாக்கற வேலையே வேணாம். ஓரமா தள்ளி, லைட்டு எரியுதான்னு பாத்து, வண்டிக்கு முன்னாடி தள்ளி நின்னு ரோந்து வண்டிய போன் பண்ணி கூப்பிடுங்க. பின்னாடி வர்றவன் தூக்கக் கலக்கத்துல வருவான், அவனும் நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவன்தான். உங்க அம்மாகிட்டயும் ஓவர்ஹால் வேணாம்னு இன்னைக்கே சொல்லிடுங்க, அவங்களுக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.

கேள்வி (பட்டர்வொர்த்லருந்து ஒரு வாசகி): நான் பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு வேலைக்குப் போற ஸ்கூட்டர், கார்ப்ரேட்டர்தான், பதினோரு வருஷம் ஆச்சு. இருபது நிமிஷம் ஓடினதும் சாவிய அணைச்ச மாதிரி சட்டுனு நின்னுருது. திக்கறது திணறறது எதுவும் கெடையாது. மீட்டர் லைட்டு எரியுது, ஹாரன் அடிக்குது, ஸ்டார்ட்டர் சுத்துது, ஆனா எடுக்கமாட்டேங்குது. அரை மணி நேரம் கழிச்சு எடுக்குது. ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கிட்டுப் போறதுக்குள்ள ஆறிப்போயி அங்க நல்லா ஓடுது, மெக்கானிக் என்னைய ஒரு மாதிரி பாக்கறார்.

பதில்: தங்கச்சி, அவர் அப்படி பாத்தது தப்பு, நீங்க சொல்றது பிசகில்லாம ஒரு கோளாறோட அடையாளம். மேல தம்பி வண்டி மூச்சடைச்சு நின்னுச்சு, உங்களோடது கத்தியால வெட்டுன மாதிரி நிக்குது, ரெண்டும் வேற வேற. எண்ணெய் தீந்து நிக்கிற என்ஜின் எப்பவும் கொஞ்சம் திணறிட்டுதான் நிக்கும், நெருப்புப் பொறி நின்னுபோனா சொல்லாம கொள்ளாம நிக்கும்.

என் சந்தேகம் மூணு எடத்துல: இக்னிஷன் காயில், மேக்னட் பக்கத்துல இருந்து பொறி விடற நேரத்தச் சொல்ற பல்சர் காயில், அதக் கேட்டு இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் அனுப்பற சிடிஐ பெட்டி. காயில்னா தலைமுடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பிய ஆயிரக்கணக்கான சுத்து சுத்தினது, வருஷக்கணக்குல சூடாகி ஆறி சூடாகி ஆறி அந்தக் கம்பியில எங்கயோ ஒரு எடத்துல விரிசல் விட்டிருக்கும், ஆறி இருக்கும்போது ரெண்டு முனையும் ஒட்டிக்கிட்டிருக்கும், சூட்டுல விரிஞ்சதும் பிரிஞ்சுரும். அதனாலதான் ஒர்க்‌ஷாப்புல மீட்டர் வெச்சுப் பாத்தா நல்லா இருக்குன்னு காட்டுது. இந்த மாதிரி கோளாற ஆறின வண்டியில தேடி பிரயோஜனமே இல்ல, நின்ன அந்த ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ளதான் பிடிக்கணும்.

சீட்டுக்கு அடியில ஒரு புது பிளக் போட்டு வையுங்க. அடுத்த தடவ நின்னதும், பத்திரமான எடத்துக்குத் தள்ளிட்டு, என்ஜின்ல இருக்கிற பிளக்க கழட்டாம அதோட தொப்பிய மட்டும் உருவி, கையில இருக்கிற பிளக்க அதுல சொருகி, பிளக்கோட இரும்பு உடம்பு என்ஜின் இரும்புல நல்லா அழுந்துற மாதிரி வெச்சு, ரப்பர் தொப்பியத் தவிர வேற எடத்துல கை படாம ஸ்டார்ட்டர அமுக்கிப் பாருங்க. பழைய பிளக்க கழட்டாதீங்கன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு, அந்த ஓட்டையிலருந்து எண்ணெய் ஆவி வெளிய வரும், பக்கத்துல பொறி விழுந்தா ஆபத்து. நீலமா பளிச்னு பொறி வந்தா நெருப்புல கோளாறு இல்ல, எண்ணெய் பக்கம் பாக்கணும். பொறியே இல்ல, இல்ல மங்கலா மஞ்சளா இருக்குன்னா அத போன்ல வீடியோ எடுத்து மெக்கானிக்கிட்ட காட்டுங்க, அப்புறம் அவர் அந்த மாதிரி பாக்கமாட்டார்.

அதோட தண்ணியில நனைச்ச துணிய இக்னிஷன் காயில் மேல ரெண்டு நிமிஷம் போட்டுப் பாருங்க. அரை மணி நேரம் எடுத்துக்கிற வண்டி அஞ்சு நிமிஷத்துல எடுத்துச்சுன்னா அந்தக் காயில்தான் ஆள். ஒர்க்‌ஷாப்புல இதையே தலைகீழா செய்யலாம், காயில கழட்டி மீட்டர்ல மாட்டி வெச்சு தலை காய வெக்கிற ஹேர் டிரையரால சூடு காட்டச் சொல்லுங்க, சூடாக ஆக ஓம்ஸ் (மின்தடை அளவு) எகிறிச்சுன்னா இல்ல ஒரேயடியா அறுந்துருச்சுன்னா முடிஞ்சுது கத. பல்சர் காயிலையும் இப்படிப் பாக்கலாம். சிடிஐக்கு மட்டும் மீட்டர் சோதனை பெருசா உதவாது, அதே மாடல் வண்டியிலருந்து ஒண்ணு கடன் வாங்கி மாட்டி ஒரு நாள் ஓட்டிப் பாக்கறதுதான் வழி.

பிள்ளைங்கள வெச்சு ஓட்டுறீங்க, அதனால இன்னொண்ணு. இதெல்லாம் பாக்கறதுக்கு முன்னாடி சாவி சுவிட்ச்சுக்கு வர்ற ஒயர், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் இருந்தா அது, ரெண்டையும் என்ஜின் ஓடும்போது லேசா ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க. அதுல ஒரு லூஸ் கனெக்‌ஷன் இருந்தா காயில் மாத்தின காசு வீணாப் போகும்.

கேள்வி (ரெலாவ்லருந்து): அண்ணே, என்னோடது 150 சிசி இன்ஜெக்‌ஷன் வண்டி, 60,000 கிலோமீட்டர் ஓடிருச்சு. ஓடும்போது பிரச்சனையே இல்ல. பாலிக் புலாவ் போயிட்டு மலை எறங்கி வந்து சிக்னல்ல நிறுத்தினா ஐட்லிங் எறங்கி எறங்கி அணைஞ்சுருது. த்ராட்டில் பிடிச்சுக்கிட்டே இருந்தா நிக்கறதில்ல. கடையில ஐட்லிங் ஏத்தி விட்டாங்க, ரெண்டு வாரத்துல பழைய மாதிரி. வால்வ் சத்தம் கூட இல்ல, என்ஜின் பூனை மாதிரி அமைதியா இருக்கு.

பதில்: அந்த அமைதிதான் தம்பி எனக்குப் பிடிக்கல.

இதே அனுபவம் எனக்கு இருக்கு. நான் தொழில் கத்துக்கிட்ட காலத்துல என்கிட்ட ஒரு பழைய கப்சாய் (ஈஎக்ஸ்5 மாதிரி சின்ன மோட்டர்) இருந்துச்சு, நீங்க சொன்ன அதே பாலிக் புலாவ் மலை ரோடு, ஜாலான் துன் சார்டோன்ல டுரியான் சீசன்ல ஏறி எறங்கினா மலை அடிவாரத்துல வந்து அணையும். அப்ப ஒரு கடையில கார்ப் மாத்தச் சொன்னாங்க, மாத்தினேன். அப்புறம் காயில், அப்புறம் காயிலோட ஒயர். கையில இருந்த ரெண்டு மாச சேமிப்பு போச்சு. கடைசியில ஒரு வயசான சீன அங்கிள், சூடா இருக்கும்போது உதைக்கிற கட்டைய கையால மெதுவா அமுக்கிப் பாத்துட்டு, காலையில ஆறினதும் வா, அப்பவும் இதே மாதிரி அமுக்கிப் பாப்போம்னார். காலையில அமுக்கினா கெட்டியா எதிர்த்து நின்னுச்சு. ராத்திரி சூட்டுல தொளதொளன்னு போனது அப்பதான் எனக்கு உறைச்சுது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) எடுத்து அரை மணி நேரத்துல வால்வ் இடைவெளிய சரியா வெச்சுக் கொடுத்தார், அதோட சரி. இன்னைக்கு வரைக்கும் சூட்டுல நிக்கிற வண்டி எது வந்தாலும் சாமான் கழட்டறதுக்கு முன்னாடி நான் அவர் செஞ்சததான் செய்யறேன்.

விஷயம் என்னன்னா, வால்வ் தண்டுக்கும் அத அமுக்கித் தொறக்கிற ராக்கருக்கும் நடுவுல கொஞ்சூண்டு இடைவெளி இருக்கணும், பழைய ஹோண்டா கப்சாய்க்கு 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமுடி கனம்தான், உங்க வண்டிக்கு எவ்ளோன்னு மேனுவல்ல போட்டிருக்கும். ஓட ஓட வால்வ் உக்கார்ற எடம் தேஞ்சு வால்வ் மேல ஏறிக்கிட்டே வரும், இடைவெளி கொறையும். இடைவெளி ஜாஸ்தியானா டிக் டிக்குனு சத்தம் கேக்கும், எல்லாரும் ஓடி வருவாங்க. கொறைஞ்சா சத்தமே இருக்காது, ஒருத்தரும் கவனிக்கமாட்டாங்க. எக்ஸாஸ்ட் வால்வ் நல்லா ஓடும்போது 600, 700 டிகிரி வரைக்கும் சூடாகும், இரும்பு நீளும், நீள்றதுக்கு எடம் இல்லன்னா முழுசா மூடாம கொஞ்சம் தொறந்தே நிக்கும், கம்ப்ரஷன் ஒழுகும். வேகமா ஓடும்போது ஒழுகறதுக்கு நேரம் பத்தாது, அதனால தெரியாது, சிக்னல்ல மெதுவா சுத்தும்போது மொத்தமும் ஒழுகிரும். ஐட்லிங் ஏத்தினா மறைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா சரியா மூடாத வால்வ் சூட்டக் கடத்த முடியாம ஓரம் கருகும், அப்புறம் ஹெட் எறக்கற வேலை வந்துரும். அதனால தள்ளிப் போடாதீங்க.

அளக்கறது ஆறின என்ஜின்லதான், ராத்திரி நிறுத்தி வெச்ச வண்டிய காலையில ஸ்டார்ட் பண்ணாமலே அளக்கணும். காலையில ஓட்டிக்கிட்டுப் போயி சூட்டோட கொடுத்துட்டு உடனே வெச்சுக் கொடுங்கன்னு நின்னா சரியா வராது, முந்தின நாளே வண்டிய விட்டுட்டு வாங்க.

வால்வ் சரியா இருந்துச்சுன்னா அடுத்து த்ராட்டில் பாடி, 60,000 ஓடினதுல கரி படிஞ்சு ஐட்லிங் காத்துக்கு வழி கொறைஞ்சிருக்கும், கழுவினா போதும். மீட்டர்ல மஞ்ச என்ஜின் லைட்டு எரிஞ்சிருந்தா, இல்ல சூட்டுல அணைஞ்சதும் எண்ணெய் வாடை தூக்கலா அடிச்சு பிளக் கருப்பா இருந்தா, டெம்பரேச்சர் சென்சரையும் பாருங்க, அது கெட்டா என்ஜின் இன்னும் குளுருதுன்னு கம்ப்யூட்டர் நெனைச்சுக்கிட்டு எண்ணெய அள்ளி ஊத்தும். உங்க வண்டிக்குத் தண்ணி ரேடியேட்டர் இருந்தா கூலண்ட் அளவும் பாருங்க, சூட்டுல மூடிய மட்டும் தொறக்காதீங்க, மூஞ்சிக்கே அடிக்கும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்லருந்து): சூட்டுல நிக்கிற கப்சாய்க்கு ஒரு நம்பர் கூடுன குளிர் பிளக் போட்டா சரியாகும்னு கூட்டாளிங்க சொல்றாங்க, போடலாமா?

பதில்: வேணாம். என்ஜிகே பிளக்ல நம்பர் கூடினா குளிர் பிளக், அது பிளக் முனையோட சூட்டத்தான் கொறைக்கும், என்ஜின் சூட்ட இல்ல. ஊருக்குள்ள மெதுவா ஓட்டுற வண்டிக்கு அதப் போட்டா முனையில கரி எரியாம படிஞ்சு, இப்ப சூட்டுல நிக்கிற வண்டி அப்புறம் காலையில ஆறி இருக்கும்போதும் எடுக்காது. மேனுவல்ல போட்டிருக்கிற நம்பரையே போடுங்க, ஈஎக்ஸ்5 மாதிரி வண்டிக்கு இடைவெளி 0.6லருந்து 0.7 மில்லிமீட்டர். அதுக்கு முன்னாடி மினியாக் ஹீத்தாம் (என்ஜின் ஆயில்) அளவப் பாருங்க. கொறைஞ்சு போயி கம்பியில ஒட்டாம இருந்து, நின்னதும் கட்டைய உதைச்சா எறங்காம இறுகி நின்னுச்சுன்னா அது பிஸ்டன் பிடிக்கிற அறிகுறி, அப்ப ஒரு தடவ கூட ஸ்டார்ட் பண்ணாம லாரியில ஏத்தி கடைக்கு அனுப்புங்க.